பாலிமர் பரப்பில் திரவப் படிகத்தை வரிசைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் செல்லை, அதாவது நடுவே திரவப் படிகம் நிரப்பிய இரட்டைக் கண்ணாடித் தகட்டைச் செய்து, குறுக்குப் போலரைசர்களுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு ஒளி முனைவாக்கிகளுக்கு) நடுவே வைத்துப் பார்த்து, இருட்டே வரவில்லையே என்று தலையைச் சொறிபவர்களுக்கான பக்கம் இது. பேசப்படுவது நெமாடிக் வகைத் திரவப் படிகம்; திரவம்போல் ஓடும், ஆனால் அதன் நீள மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும். எடுத்துக்காட்டுகள் 5சிபி, இ7 என்ற இரண்டைச் சுற்றியே வரும்; முதலாவது ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலும் இரண்டாவது 60 டிகிரி அருகிலும் சாதாரணத் திரவமாகிவிடும். கண்ணாடி 2.5 செ.மீ. சதுரத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுகள் ஓரிடத்தில் சராசரியாக நோக்கும் திசையை டைரக்டர் என்போம்; அது பரப்பிலிருந்து சற்றே தூக்கி நிற்கும் கோணத்தை முன்சாய்வு என்போம்.

வெறும் கண்ணாடி போதாதா? பாலிமர் எதற்கு?

ஐ.டி.ஓ. (ஒளி புகும், மின்சாரம் கடத்தும் படலம்) பூசிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 5சிபியை அப்படியே விட்டுப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஆங்காங்கே ஒரு புள்ளியில் கூடிப் பிரியும். நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பினால் அந்தப் பட்டைகளும் புள்ளியைச் சுற்றி ஊர்ந்து நகரும். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் இணையாகத்தான் கிடக்கின்றன. எந்தத் திசையை நோக்கி என்று சொல்லத்தான் ஆளில்லை. அதைச் சொல்வது பரப்பு. பரப்பில் உட்கார்ந்த மூலக்கூறு அடுத்ததைத் திருப்ப, அது அதற்கடுத்ததைத் திருப்ப, திசை உள்ளே பல மைக்ரோமீட்டர் வரை போய்ச் சேரும். அதனால்தான் 100 நானோமீட்டர்கூட இல்லாத படலம் 5 மைக்ரோமீட்டர் செல் முழுவதையும் கட்டி ஆள்கிறது.

வெல்வெட் துணி பாலிமரில் நுண்ணிய பள்ளங்கள் போடுகிறது, மூலக்கூறுகள் அவற்றில் படுத்துக்கொள்கின்றன என்று படித்தேன். சரிதானே?

பாதி சரி. தேய்த்த பரப்பு திரவப் படிகத்துக்குத் திசை காட்டும் என்பது 1911-இல் ஆய்வாளர் மோகேன் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. பள்ளங்களுக்குக் கணக்கு எழுதியவர் பெர்ரிமன், 1972-இல். அலை அலையான பரப்பில் டைரக்டர் பள்ளத்தின் போக்கில் கிடந்தால் வளைய வேண்டியதில்லை; குறுக்கே கிடந்தால் மேடு பள்ளத்தோடு வளைய வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். 10 நானோமீட்டர் வீச்சும் 200 நானோமீட்டர் இடைவெளியும் உள்ள பள்ளங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் சதுர மீட்டருக்கு 10⁻⁵ ஜூல் அளவில் பிடிப்பு ஆற்றல், அதாவது டைரக்டரைத் தன் திசையில் பிடித்துவைக்கும் பரப்பின் வலு, வரும். ஆனால் அது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. வீச்சு 1 நானோமீட்டரானால் பிடிப்பு நூறில் ஒரு பங்குதான். நன்றாகத் தேய்த்த பாலிஇமைடை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் ஒரு சில நானோமீட்டர் ஆழமே. அளந்தால் கிடைக்கும் பிடிப்போ அந்தக் கீறல்கள் தரக்கூடியதைவிட மிக அதிகம்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? பாலிமர்ச் சங்கிலிகளிலிருந்து. துணி இழுக்கும் திசையில் பரப்பின் மேல்தோலில் உள்ள சங்கிலிகள் நீண்டு படுத்துவிடுகின்றன. திரவப் படிகம் அவற்றை ஒட்டி வரிசை பிடிக்கிறது. 1987-இல் கீரியும் உடன் பணியாற்றியவர்களும் இதை வலியுறுத்தினார்கள். 1995-இல் டோனி குழுவினர் பரப்பை உரசிச் செல்லும் எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, மேல் சில நானோமீட்டர்கள் உள்ளிருப்பதைவிட நன்றாக வரிசைப்பட்டிருப்பதைக் காட்டினார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் பாலிஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வெல்வெட், அதே திசை, கீறல்களும் அதே திசையில். ஆனால் திரவப் படிகம் தேய்த்த திசைக்குச் செங்குத்தாக, பரப்பில் குறுக்கே படுக்கும்! சங்கிலி தேய்த்த திசையில் நீள, அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சீன் வளையங்கள் குறுக்கே திரும்பிவிடுகின்றன. மூலக்கூறுகள் வளையங்களின் பேச்சைக் கேட்கின்றன. பள்ளம்தான் எல்லாம் என்றால் இது நடக்கவே முடியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்களை நீங்களே ஊகிக்கலாம். வேலை நடப்பது மேல்தோலில். அதைத் தொடும் எதுவும், அதாவது சூடு, கரைப்பான், விரல் எண்ணெய், ஈரம் எல்லாமே முடிவை மாற்றும்.

எந்தப் பாலிமர் வாங்குவது?

பழகுவதற்கு பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) போதும். நீரில் எடைக்கு 0.5 முதல் 1 சதவீதம். முழுவதும் நீராற்பகுத்த ரகம் குளிர்ந்த நீரில் கரையாது. 80–90 டிகிரியில் கலக்கிக்கொண்டே கரைத்து, ஆறவிட்டு, வடிகட்டிப் பூசுங்கள். 110 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்தினால் தேய்க்கத் தயார். முன்சாய்வு கிட்டத்தட்ட பூஜ்யம். குறை என்னவென்றால், ஈரத்தை உறிஞ்சும். அயனிகளும் கூடவே வரும். மின்னழுத்தம் கொடுத்து நாள்கணக்கில் அளக்கும் வேலைக்கு ஆகாது.

உருப்படியான செல்லுக்குப் பாலிஇமைடுதான். நிசான் கெமிக்கல், ஜே.எஸ்.ஆர். போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் வரிசைப்படுத்தலுக்கென்றே கரைசல்கள் தயாரிக்கின்றன. வாங்கும்போது முன்சாய்வைக் கேட்டு வாங்குங்கள். மூலக்கூறுகள் பரப்புக்கு இணையாகவே திரும்பும் ஐ.பி.எஸ். வகைக்கு 2 டிகிரிக்குள். முறுக்கு நெமாடிக்கான டி.என். வகைக்கு 2 முதல் 5 டிகிரி. அதிக முறுக்குள்ள எஸ்.டி.என். வகைக்கு அதைவிடக் கூடுதல். செங்குத்து வகைக்கு 88–89 டிகிரி. பக்கச் சங்கிலியில் நீண்ட ஆல்கைல் வால் எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு முன்சாய்வு ஏறும்.

கண்ணாடியை எப்படிக் கழுவ வேண்டும்?

சோப்புக் கரைசலில் அல்ட்ராசானிக் 15 நிமிடம், அயனி நீக்கிய நீரில் இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம், அசிட்டோன் 10, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 10. நைட்ரஜன் ஊதி, 120 டிகிரியில் 20 நிமிடம் உலர்த்தி, பூசுவதற்குச் சற்று முன் யூ.வி. ஓசோனில் 15 நிமிடம். அசிட்டோனை உலரவிடாதீர்கள், கறை தங்கும். ஈரமாக இருக்கும்போதே ஆல்கஹாலுக்கு மாற்றிவிட வேண்டும்.

சரியாகக் கழுவியாயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டு நீர் விட்டால் போதும். படர்ந்து பாயாக விரிந்தால் நல்லது. முத்தாக நின்றால் மறுபடி முதலிலிருந்து. ஓசோனுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் பூசிவிடுங்கள்.

பாலிஇமைடைப் பூசிச் சுடும் முறை?

கடையில் வருவது பெரும்பாலும் பாலிஇமைடு அல்ல, அதன் முன்னோடியான பாலிஅமிக் அமிலம், என்.எம்.பி., காமா பியூட்டிரோலாக்டோன், பியூட்டைல் செல்லோசால்வ் ஆகிய கரைப்பான்களின் கலவையில் கரைந்திருக்கும். மைனஸ் 15, 20 டிகிரியில் வைக்க வேண்டும். இங்கேதான் முதல் தப்பு நடக்கும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த கரைசலில் இறங்கும். நீர் பாலிஅமிக் அமிலத்தின் சங்கிலியை வெட்டும். கரைசல் நாளாக நாளாக நீர்த்துக்கொண்டே போய், படலம் மெலிந்து ஓட்டை விழும். மூடியபடி அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஓரிரண்டு மணி நேரம் காத்திருங்கள். ஒரு பாட்டிலைப் பத்துச் சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் உருக்க வேண்டியதில்லை.

0.45 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டி வழியாகச் சொட்டவிட்டு, கண்ணாடி முழுவதும் நனைந்த பிறகு சுழற்றத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 500 சுற்றில் 5 விநாடி, 3000 சுற்றில் 30 விநாடி நல்ல தொடக்கம். 50 முதல் 100 நானோமீட்டர் படலம் வர வேண்டும். உடனே 80 டிகிரி ஹாட் பிளேட்டில் ஓரிரு நிமிடம் வைத்தால் கரைப்பான் சீராகப் போகும். ஓரத்திலிருந்து படலம் சுருங்கி உள்ளே ஓடினால் கண்ணாடி சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது அறை ஈரம் அதிகம். வால் நட்சத்திரம்போல் கோடுகள் தெரிந்தால் தூசி.

பிறகு ஓவனில் ஒரு மணி நேரம். வெப்பநிலையைத் தயாரிப்பாளர் தாளைப் பார்த்து வையுங்கள், பெரும்பாலும் 180 முதல் 250 டிகிரிக்குள் இருக்கும். இந்தச் சூட்டில்தான் அமிலம் நீரைக் கழற்றிவிட்டு இமைடு வளையமாக மூடுகிறது. 20 டிகிரி குறைத்துச் சுட்டாலும் படலம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வளையமாகாத பகுதி மட்டும் திரவப் படிகத்துக்குள் அயனியைக் கசியவிடும், முன்சாய்வும் செல்லுக்குச் செல் மாறும். ஓவன் காட்டும் எண்ணை நம்பாமல், கண்ணாடி வைக்கும் தட்டில் ஒரு தெர்மோகப்பிளை வைத்துப் பாருங்கள்.

கையால் தேய்க்கலாமா?

தாராளமாக. ரேயான் அல்லது பருத்தி வெல்வெட்டைத் தட்டையான உலோகக் கட்டையில் இரட்டைப் பக்க டேப்பால் இழுத்து ஒட்டுங்கள். கட்டையின் எடை 300 கிராம் இருந்தால் அதுவே அழுத்தம். கையால் அமுக்க வேண்டாம், இழுக்க மட்டும் செய்யுங்கள். கண்ணாடியை நேர்விளிம்பு ஒன்றை ஒட்டிப் படிய வைத்து, அந்த விளிம்பைப் பற்றிக்கொண்டே கட்டையை 10 முதல் 20 முறை இழுக்கலாம். ஒவ்வொரு முறையும் கட்டையைத் தூக்கி ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் திசை வரும், முன்சாய்வு வராது. ஒருபக்கம் தூக்கியதை மறுபக்கம் அமுக்கிவிடும். பிறகு மின்னழுத்தம் கொடுக்கும்போது பாதி மூலக்கூறுகள் இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக எழும்பும்.

தேய்ப்பதற்கு முன்பே கண்ணாடியின் பின்பக்க மூலையில் வைர முனையால் ஒரு சின்ன அம்புக்குறி கீறிவிடுங்கள். தேய்த்தபின் எந்தத் திசை என்று கண்ணுக்குத் தெரியாது. மார்க்கர் பேனா ஆல்கஹாலில் அழிந்துவிடும்.

தேய்த்தபின் இழைத் தூசியை அயனியூட்டிய காற்றால் ஊதுங்கள். வெறும் நைட்ரஜன் ஊதினால் நிலைமின்சாரம் தூசியை மறுபடி ஒட்டவைக்கும். ஆல்கஹாலில் அலசுவது வழக்கம்தான். அது முன்சாய்வைச் சற்றே மாற்றக்கூடும் என்பதால், அலசினால் எல்லாத் தகட்டையும் அலசுங்கள், இல்லாவிட்டால் எதையும் அலசாதீர்கள்.

இயந்திரத்தில் தேய்க்கும்போது வலிமையை எப்படிக் கணக்கிடுவது?

பரப்பின் ஒரு புள்ளிமேல் எத்தனை நீளத் துணி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். தேய்ப்பு நீளம் = தடவைகள் × துணி தொடும் பட்டையின் அகலம் × (1 + உருளை விளிம்பின் வேகம் ÷ மேடையின் வேகம்). விளிம்பும் மேடையும் எதிரெதிரே ஓடினால் கூட்டல், ஒரே பக்கம் ஓடினால் கழித்தல்.

ஆரம் 25 மி.மீ., நிமிடத்துக்கு 1000 சுற்று, மேடை விநாடிக்கு 10 மி.மீ., துணி 0.3 மி.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். 25 மி.மீ. வட்டம் 0.3 மி.மீ. அமுங்கினால் தொடும் பட்டை 7.7 மி.மீ. விளிம்பு வேகம் விநாடிக்கு 2618 மி.மீ.; மேடை வேகத்தால் வகுத்தால் 262. அதாவது ஒரு தடவைக்கு 7.7 × 263, ஏறத்தாழ 2 மீட்டர். மேடையை விநாடிக்கு 20 மி.மீ. ஆக்கினால் 1 மீட்டர்தான். அமுக்கத்தை 0.3-இலிருந்து 0.4 ஆக்கினால் பட்டை அகலம் 15 சதவீதம்தான் கூடும். ஆனால் இழை பரப்பைக் குத்தும் விசை அதைவிட வேகமாக ஏறும், கீறல் விழும். ஆகவே வலிமை போதவில்லை என்றால் முதலில் சுற்றையோ தடவையையோ கூட்டுங்கள். அமுக்கத்தைக் கடைசியில் தொடுங்கள்.

வலிமையை ஏற்றிக்கொண்டே போனால் பிடிப்பு ஓர் அளவில் நிரம்பி நின்றுவிடும். அதற்கு மேல் கூடுவது கீறலும் தூசியும்தான்.

இரண்டு தகடுகளையும் எந்தத் திசையில் சேர்ப்பது?

பெரும்பாலான பாலிஇமைடுகளில், துணி போன பக்கம் நோக்கும் முனைதான் பரப்பிலிருந்து தூக்கி நிற்கும். செல்லாகச் சேர்த்தபின் இரண்டு அம்புகளும் எதிரெதிர்த் திசையில் இருந்தால், மேலும் கீழும் சாய்வு ஒன்றுக்கொன்று இணையாகி, உள்ளே எல்லா மூலக்கூறும் ஒரே கோணத்தில் கிடக்கும். சோதனைச் செல்லுக்கு இதுதான் வேண்டும். இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் என்றால் சாய்வு விசிறிபோல் விரியும். வேகமாக மாறும் பை செல் வகைக்கு அதைத் தெரிந்தே செய்வார்கள்.

90 டிகிரி முறுக்குச் செல்லில் இன்னொரு வம்பு உண்டு. இடப்பக்கமாகவும் முறுக்கலாம், வலப்பக்கமாகவும் முறுக்கலாம். இரண்டும் கலந்தால் இடையில் மெல்லிய கோடுகள் ஓடும். ஒரு கைப்பக்கமாகவே முறுக்கும் (கைரல்) கலப்புப் பொருளைத் துளி சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்811 என்ற அத்தகைய பொருளை எடைக்கு 0.1 சதவீதம் போட்டால் சுருள் நீளம் (ஒரு முழு முறுக்குக்கான தூரம்) 100 மைக்ரோமீட்டர் அளவில் வரும், 5 மைக்ரோமீட்டர் செல்லுக்கு அது போதும். ஆனால் அது இடக்கை. தேய்த்த அம்புகள் முன்சாய்வோடு சேர்ந்து வலக்கை முறுக்கைக் கேட்கும்படி நீங்கள் தகட்டைச் சேர்த்திருந்தால், இரண்டும் சண்டை போட்டு நிலைமை மோசமாகும். இதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டுப் பசை தடவுங்கள்.

செல்லை ஒட்டி நிரப்புவது எப்படி?

தகடுகளின் இடைவெளியைக் காக்கும் 5 அல்லது 6 மைக்ரோமீட்டர் கண்ணாடி அல்லது சிலிக்கா ஸ்பேசரை யூ.வி. பசையில் கலந்து, இரண்டு ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடாக இடுங்கள். ஐ.டி.ஓ. கம்பி இணைக்க 4–5 மி.மீ. வெளியே நீட்டும்படி தகடுகளைத் தள்ளி வையுங்கள். அழுத்திப் பிடித்து, யூ.வி. காட்டும்போது நடுப்பகுதியை அலுமினியத் தாளால் மறையுங்கள். அந்த ஒளி பாலிமரின் மேல்தோலையும் தாக்கும்.

நிரப்பும் முன் காலிச் செல்லின் இடைவெளியை அளந்துவிடுங்கள். நிறமாலைமானியில் ஏறி இறங்கும் அலை தெரியும். அடுத்தடுத்த இரு உச்சங்களின் அலைநீளங்களைப் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தின் இரு மடங்கால் வகுத்தால் இடைவெளி. 577, 550 நானோமீட்டரில் உச்சம் என்றால் 5.9 மைக்ரோமீட்டர். நிரப்பிவிட்டால் இந்த எளிய அளவீடு கைநழுவிப் போகும்.

திரவப் படிகத்தை, அது சாதாரணத் திரவமாகும் தெளிவு நிலைக்கு மேல் சூடாக்கித்தான் நிரப்ப வேண்டும்: 5சிபிக்கு 45 டிகிரி, இ7-க்கு 70. செல்லும் அதே ஹாட் பிளேட்டில் இருக்கட்டும். திறந்த ஓரத்தில் ஒரு துளி வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நிமிடத்துக்கு 1–2 டிகிரி வீதம் ஆறவிடுங்கள். அறை வெப்பநிலையில் நெமாடிக்காகவே பாய விட்டால், பாய்ந்த திசையே பரப்பில் பதிந்துவிடும். பின்னால் சூடாக்கினாலும் அந்தச் சுவடு முழுதாகப் போகாது.

நல்ல செல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கெட்டது எங்கே கெட்டது?

குறுக்குப் போலரைசர்களுக்கு நடுவே, தேய்த்த திசை ஒரு போலரைசருக்கு இணையாக இருக்கும்போது இருட்டு. 45 டிகிரி திருப்பினால் முழு வெளிச்சம். 90-இல் மறுபடி இருட்டு. இது முறுக்கு இல்லாத செல்லுக்கு. அந்த இருட்டு எவ்வளவு இருட்டு என்பதில்தான் தரம் இருக்கிறது. 45 டிகிரியில் நிறம் ஒரே சீராக இருந்தால் இடைவெளியும் சீர். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நிறம் மாறினால் ஆப்பு வடிவில் ஒட்டியிருக்கிறீர்கள். அது ஒட்டியதில் வந்த குறை, வரிசையைக் குறை சொல்ல வேண்டாம்.

இருட்டு நிலையில் தேய்த்த திசையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அமுக்கம் அதிகம், அல்லது துணியில் மணல்துகள் சிக்கியிருக்கிறது. கோடுகள் எல்லாத் தகட்டிலும் ஒரே இடத்தில் என்றால் துணியை மாற்றுங்கள்.

மூடிய வளையம்போல் ஒரு கோடு, உள்ளும் வெளியும் ஒரே இருட்டு, ஆனால் மின்னழுத்தம் கொடுத்ததும் இரண்டும் வெவ்வேறாக மாறுகின்றன என்றால் அது எதிர்ச்சாய்வுப் பகுதி. முன்சாய்வு போதவில்லை.

நிரப்பிய வாய்ப்பக்கம் மட்டும் வேறாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பசை. முழுதாக இறுகாத பசையிலிருந்து கரைந்தது பாலிமர்மேல் படிந்திருக்கும். ஸ்பேசரைச் சுற்றிச் சிறு ஒளிப்புள்ளி தெரிவது இயல்பு, விட்டுவிடுங்கள்.

எங்கும் கறுப்புப் பட்டைகள், திசையே இல்லை என்றால் பூச்சே இல்லாத பக்கத்தைத் தேய்த்திருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான். மல்டிமீட்டரின் முனையை ஓரத்தில் வைத்துப் பார்த்தால் ஐ.டி.ஓ. எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முன்சாய்வை அளக்க எளிய வழி?

செல்லைத் தேய்த்த திசைக்குச் செங்குத்தான அச்சில் திருப்பிக்கொண்டே லேசர் ஒளி கடப்பதை அளக்கும் படிகச் சுழற்சி முறை. தேய்த்த திசை போலரைசருக்கு 45 டிகிரியில். கிடைக்கும் வளைவு ஒரு கோணத்தைச் சுற்றி இருபுறமும் சமச்சீராக இருக்கும். அந்தக் கோணத்தின் சைனைத் திரவப் படிகத்தின் இரு ஒளிவிலகல் எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஏறத்தாழ முன்சாய்வின் சைன். 5சிபிக்கு அந்தக் கூட்டுத்தொகை 1.53 + 1.71, அதாவது 3.24. சமச்சீர் 6.5 டிகிரியில் வந்தால் முன்சாய்வு 2 டிகிரி. இதற்கு எதிரெதிராகத் தேய்த்த, 20 முதல் 50 மைக்ரோமீட்டர் தடித்த செல் வேண்டும். 5 மைக்ரோமீட்டரில் வளைவு தட்டையாகிவிடும். முன்சாய்வு 10 டிகிரியைத் தாண்டினால் சமச்சீர்ப் புள்ளி திருப்ப முடியாத கோணத்துக்குப் போய்விடும், வேறு முறை தேட வேண்டும்.

பிடிப்பு ஆற்றல் எவ்வளவு இருந்தால் போதும்?

திரவப் படிகத்தின் மீள்மாறிலியை (வளைப்பதையும் முறுக்குவதையும் அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவை) பிடிப்பு ஆற்றலால் வகுத்தால் ஒரு நீளம் வரும். அது செல்லின் தடிமனைவிட மிகச் சிறிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முறுக்கு மாறிலி 4 பிக்கோநியூட்டன் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 10⁻⁴ ஜூல் பிடிப்புக்கு 40 நானோமீட்டர்; 10⁻⁶ என்றால் 4 மைக்ரோமீட்டர், அதாவது செல்லளவு. பின்னதில் பரப்பு இருந்தும் இல்லாததுபோல்.

அளக்க, 90 டிகிரி முறுக்குச் செல் ஒன்றை, கைப்பக்கப் பொருள் சேர்க்காமல் செய்யுங்கள். உள்ளே முறுக்கு விசை மூலக்கூறுகளைத் தேய்த்த திசையிலிருந்து கொஞ்சம் இழுத்துவிடும். ஒவ்வொரு பரப்பிலும் 2 டிகிரி விலகினால் உண்மையான முறுக்கு 86 டிகிரி, அதாவது 1.50 ரேடியன். இரண்டு மடங்கு முறுக்கு மாறிலியை முறுக்கால் பெருக்கி, தடிமனாலும் விலகலின் இரு மடங்கின் சைனாலும் வகுக்க வேண்டும். 5 மைக்ரோமீட்டர் செல்லுக்கு விடை 3.4 × 10⁻⁵. தேய்த்த பாலிஇமைடுக்கு நம்பத்தக்க எண்தான் அது. தகடுகளை ஒட்டும்போது வந்த கோணப் பிழை 1 டிகிரி இருந்தாலே இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள்.

மூலக்கூறுகளைப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்த என்ன செய்வது?

டி.எம்.ஓ.ஏ.பி. என்ற சிலேன், நீரில் 0.5 சதவீதம், கழுவிய கண்ணாடியை 5 நிமிடம் முக்கி, நீரில் நன்றாக அலசி, 110 டிகிரியில் ஒரு மணி நேரம். தேய்க்க வேண்டாம். குறுக்குப் போலரைசரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். மின்னழுத்தத்தில் ஒரே திசையில் சாய வேண்டுமென்றால் பக்கச் சங்கிலி கொண்ட பாலிஇமைடைப் பூசி, மிக மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

தேய்க்காமல் ஒளியால் திசை கொடுக்கலாமாமே?

ஆம். பெரிய தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் நகர்ந்ததற்குக் காரணம் தேய்ப்பின் மூன்று தொல்லைகள்: தூசி, டிரான்சிஸ்டரைக் கருக்கும் நிலைமின்சாரம், படத்துணுக்குகளின் (பிக்சல்களின்) மேடுபள்ளத்தில் துணி எட்டாத மூலைகள். 1992-இல் ஷாட் குழுவினர் பாலிவினைல் சின்னமேட்டில் நேர்முனைவாக்கிய புற ஊதா ஒளியைக் காட்டி, அந்த முனைவுக்குச் செங்குத்தாகத் திரவப் படிகத்தைப் படுக்கவைத்தார்கள். ஷார்ப் நிறுவனம் 2009-இல் செங்குத்து வகைத் தொலைக்காட்சிப் பலகைகளில் ஒளி வரிசைப்படுத்தலைக் கொண்டுவந்தது. ஐ.பி.எஸ். வகைக்கு, சைக்ளோபியூட்டேன் வளையமுள்ள பாலிஇமைடை 254 நானோமீட்டர் ஒளியால் ஒரு திசையில் மட்டும் அறுத்துவிடுவார்கள். அறுபடாமல் மிஞ்சிய சங்கிலிகள் திசை காட்டும்.

ஆய்வகத்தில் எளிது, ஒளி பட்டால் திசை திரும்பும் ஆசோ சாயம். பிரில்லியன்ட் யெல்லோ என்ற சாயத்தை டி.எம்.எஃப். கரைப்பானில் 0.5 முதல் 1 சதவீதம் கரைத்து, வடிகட்டி, பூசி, 90–100 டிகிரியில் அரை மணி உலர்த்தி, 450 நானோமீட்டர் அருகில் முனைவாக்கிய நீல எல்.இ.டி. ஒளியில் 5–10 நிமிடம். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரநீக்கி இல்லாமல் இதைப் பூசினால் படலம் சாய மணிகளாகத் திரண்டு மங்கும். இன்னொன்று, முடித்த செல்லை வெளிச்சத்தில் விட்டால் சாயம் மறுபடி திரும்பும். பாலிமராகப் பிணைத்து நிலைநிறுத்தாதவரை இருட்டில் வையுங்கள்.

தேய்த்த தகட்டை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

அன்றே செல்லாக்கிவிடுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் உலர்பெட்டியில், பரப்பு எதையும் தொடாமல். பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து வரும் ஆவிகூட மேல்தோலில் படியும்.

பாதுகாப்பில் கவனிக்க வேண்டியது?

என்.எம்.பி. தோல் வழியே உள்ளே போகும், கருவைப் பாதிக்கக்கூடியது. மெல்லிய நைட்ரைல் கையுறை அதை அதிக நேரம் தடுக்காது. பியூட்டைல் ரப்பர் கையுறை போடுங்கள், புகைக்கூண்டுக்குள் பூசுங்கள். 254 நானோமீட்டர் விளக்கைக் கண்ணாடி முகமூடி இல்லாமல் பார்க்கவே கூடாது.

தவறிப்போன செல்லைப் பிரித்துத் தகட்டை மறுபடி பயன்படுத்தலாமா?

கண்ணாடியைப் பயன்படுத்தலாம், பூச்சை முடியாது. திரவப் படிகத்தை டொலுவீனிலோ அசிட்டோனிலோ கழுவிவிட்டாலும், பாலிமர்மேல் ஒட்டிய ஓரடுக்கு பழைய திசையை நினைவில் வைத்திருக்கும். மேலே வேறு திசையில் தேய்த்தால் இரண்டும் கலந்து குழம்பும். சரியாகச் சுட்ட பாலிஇமைடு பெரும்பாலும் கரைப்பானில் கரையாது. வெதுவெதுப்பான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் உரிந்து வரும். ஆக்சிஜன் பிளாஸ்மா இருந்தால் அது இன்னும் சுத்தம். ஐ.டி.ஓ.-வின் மின்தடையைப் பிறகு ஒருமுறை அளந்துவிட்டு, கழுவும் வேலையைச் சோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.